அணி யாருக்குச் சொந்தம்? ஜப்பானின் 2013 பேஸ்போல் பருவம் எழுப்பும் வினா

தொழில்சார் விளையாட்டு இன்று பெரும் வணிகமாகிவிட்டது. அணிகளுக்கு உரிமையாளர்கள் இருக்கின்றனர். வீரர்களுக்கு விலை இருக்கின்றது. ஒளிபரப்பு உரிமைக்குப் போட்டி இருக்கின்றது. இவை எல்லாவற்றுக்கும் அப்பால், ஓர் அணியின் பெயரைத் தம் ஊரின் பெயராகவே கருதி மைதானத்துக்கு வரும் மக்களுக்கு அந்த அணியில் என்ன உரித்து உண்டு என்ற வினா அடிக்கடி எழுகின்றது. ஆயினும் அதற்குத் தெளிவான விடை கிடைக்கும் சந்தர்ப்பங்கள் மிகச் சிலவே. ஜப்பானின் வடகிழக்குப் பிராந்தியமாகிய தோஹொகுவில் 2004 ஆம் ஆண்டு முதல் 2013 ஆம் ஆண்டு வரை இடம்பெற்ற நிகழ்வுகள் அத்தகையதொரு சந்தர்ப்பம் எனலாம்.

2013 நவம்பர் 3 ஆம் திகதி இரவு, தோஹொகுவின் தலைமை நகரான சென்டாயில், ரகுட்டென் கோல்டன் ஈகிள்ஸ் அணி யொமியுரி ஜயன்ட்ஸ் அணியை 3 க்கு 0 என்ற கணக்கில் வென்று முதன்முறையாக ஜப்பானின் சம்பியனாகியது. அதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்னர், 2011 மார்ச் 11 ஆம் திகதி, நிலநடுக்கத்தாலும் ஆழிப்பேரலையாலும் சிதைந்த பிரதேசத்தின் ஒரே தொழில்சார் பேஸ்போல் அணி இதுவாகும். துயருற்ற மக்களுக்கு விளையாட்டு ஆறுதல் அளித்தது என்பதே அன்று உலகெங்கும் சொல்லப்பட்ட கதை. அது பொய்யன்று. எனினும் அது முழுமையான கதையுமன்று. அந்த அணி சென்டாய் நகரில் இருந்ததே ஒரு போராட்டத்தின் விளைவு என்பதையும், ஆறுதல் அளித்த அணிகள் தம் நகரங்களை விட்டு நீங்கியதும் உண்டு என்பதையும் சேர்த்து நோக்கும்போதே 2013 ஆம் ஆண்டின் பொருள் விளங்கும்.

ஆட்டமும் அமைப்பும்

கிரிக்கெட்டில் ஊறிய எமது வாசகர்களுக்குப் பேஸ்போல் முற்றிலும் அந்நியமானதன்று. களத்தில் அணிக்கு ஒன்பது பேர். ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்கள். ஒவ்வோர் இன்னிங்ஸிலும் இரு அணிகளும் ஒவ்வொரு முறை துடுப்பெடுத்தாடும். மூவர் ஆட்டமிழந்தவுடன் முறை மாறும். பந்தை அடித்தவர் மூன்று தளங்களைக் கடந்து, தாம் நின்று ஆடிய தளத்துக்கே மீண்டு வந்தால் அது ஓர் ஓட்டம். ஒன்பது இன்னிங்ஸ்களில் இரண்டு மூன்று ஓட்டங்களே வெற்றியைத் தீர்மானிப்பதும் உண்டு.

ஆட்டத்தின் அச்சாணி பிட்சர் எனப்படும் பந்தெறி வீரர். கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் பந்துவீச்சாளர் மாறுவார். பேஸ்போலில் ஒருவரே தொடர்ந்து எறிவார். அவர் ஆட்டத்திலிருந்து நீங்கிவிட்டால் அன்றைய போட்டியில் மீண்டும் வரமுடியாது. ஒரு போட்டியில் நூறு பந்துகளை அண்மித்து எறிவது இன்றைய வழமை. ஜப்பானில் அதன் பின்னர் ஏறத்தாழ ஒரு வாரம் அந்தக் கைக்கு ஓய்வளிக்கப்படும். இந்த எண்ணிக்கையை வாசகர்கள் நினைவில் வைத்திருத்தல் நன்று. 2013 இறுதித் தொடரை விளங்கிக்கொள்ள அது அவசியமாகின்றது.

ஜப்பானுக்கு இந்த விளையாட்டு 1870 களில் வந்து சேர்ந்தது. தொழில்சார் லீக் 1936 இல் தொடங்கப்பட்டது. 1950 இல் அது சென்ட்ரல் லீக், பசுபிக் லீக் என இரண்டாகியது. இன்று ஒவ்வொன்றிலும் ஆறு அணிகள் உள்ளன. 2013 பருவத்தில் ஒவ்வோர் அணியும் 144 போட்டிகளில் ஆடியது. பருவம் முடிந்ததும் இரு லீக்குகளிலும் கிளைமெக்ஸ் தொடர் எனப்படும் தகுதிச் சுற்று நடைபெறும். முதலில் இரண்டாம், மூன்றாம் இடங்களைப் பெற்ற அணிகள் மோதும். அதில் வெல்லும் அணி, முதலிடம் பெற்ற அணியை அதன் சொந்த மைதானத்தில் எதிர்கொள்ளும். ஆறு மாதங்கள் முன்னணியில் நின்ற அணிக்கு அநீதி நேராதிருக்கும் பொருட்டு, அவ்வணி ஒரு வெற்றியை முற்கூட்டியே கணக்கில் கொண்டு அச்சுற்றைத் தொடங்கும். இரு லீக்குகளிலும் இவ்வாறு எஞ்சும் அணிகள் ஜப்பான் தொடரில் சந்திக்கும். அங்கே நான்கு போட்டிகளில் முதலில் வெல்லும் அணியே சம்பியன்.

ஜப்பானிய அமைப்பில் மற்றுமொரு சிறப்பியல்பு உண்டு. அமெரிக்காவில் அணிகள் நகரங்களின் அல்லது மாநிலங்களின் பெயரால் அழைக்கப்படும். ஜப்பானிலோ மிகப் பெரும்பாலான அணிகள் தம்மை நடத்தும் நிறுவனத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. யொமியுரி என்பது ஒரு பத்திரிகை நிறுவனம். ஹன்ஷின் ஒரு புகையிரத நிறுவனம். ரகுட்டென் ஓர் இணைய வணிக நிறுவனம். நீண்ட காலமாக அணி என்பது நிறுவனத்தின் விளம்பரப் பலகையாகவும், அதன் நட்டம் விளம்பரச் செலவாகவும் கருதப்பட்டு வந்தன. ஆகவே அணி யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அங்கே விடை வெளிப்படையாகச் சட்டையிலேயே எழுதப்பட்டிருந்தது. 2004 இல் அந்த விடை கேள்விக்குள்ளாகியது.

பணிப்பகிஷ்கரிப்பில் பிறந்த அணி

2004 ஜூன் மாதத்தில், ஒசாக்காவைத் தளமாகக் கொண்ட கின்டெட்சு பஃபலோஸ் அணியும் கோபே நகரின் ஒரிக்ஸ் புளூவேவ் அணியும் ஒன்றாக இணைக்கப்படவுள்ளதாக அறிவிக்கப்பட்டது. கின்டெட்சு ஒரு புகையிரத நிறுவனம். அணியால் ஆண்டுதோறும் ஏற்படும் பெரும் நட்டத்தைத் தாங்க முடியவில்லை என்பது அதன் வாதம். விடயம் அத்துடன் நிற்கவில்லை. மேலும் ஓர் இணைப்பை ஏற்படுத்தி, அணிகளைக் குறைத்து, இரு லீக்குகளையும் ஒன்றாக்கிவிடலாம் என்ற எண்ணம் உரிமையாளர்கள் மத்தியில் வலுப்பெற்றது.

வீரர்கள் இதனை எதிர்த்தனர். அவர்களது சங்கத்துக்கு அப்போது தலைமை தாங்கியவர் யகுல்ட் ஸ்வலோஸ் அணியின் பந்துபிடிப்பாளர் அத்சுயா புருதா. கிரிக்கெட்டின் விக்கெட் காப்பாளருக்கு ஒப்பான பணி அவருடையது. உரிமையாளர்களுடன் நேரில் பேச விரும்புவதாக அவர் தெரிவித்தபோது, யொமியுரி அணியின் உரிமையாளராக விளங்கிய சுனெயோ வதனபே, கேவலம் ஒரு வீரர் அவ்வாறு கேட்பதா என்ற பொருள்பட இழித்துரைத்தார். அந்த வார்த்தை நாடெங்கும் சினத்தை மூட்டியது. வீரர்களின் பிணக்கு அன்றிலிருந்து ரசிகர்களின் பிணக்காகவும் மாறியது.

2004 செப்டெம்பர் 18, 19 ஆம் திகதிகளில் ஜப்பானிய தொழில்சார் பேஸ்போல் வரலாற்றின் முதலாவது பணிப்பகிஷ்கரிப்பு நடைபெற்றது. வார இறுதிப் போட்டிகள் யாவும் இரத்தாகின. போட்டிகள் நின்றால் மக்கள் வீரர்களை வெறுப்பர் என்று கணக்கிட்டவர்கள் ஏமாந்தனர். பொதுமக்களின் ஆதரவு வீரர்களின் பக்கமே பெருமளவில் இருந்தது. சில தினங்களில் உடன்பாடு எட்டப்பட்டது. இரு அணிகளின் இணைப்பைத் தடுக்க முடியவில்லை. ஆனால் அடுத்த பருவத்திலேயே புதிய அணியொன்று சேர வழிவிடப்படும் என்றும், பன்னிரண்டு அணிகள், இரு லீக்குகள் என்ற அமைப்பு தொடரும் என்றும் உரிமையாளர்கள் இணங்கினர்.

அந்தப் பன்னிரண்டாம் இடத்துக்கு இரண்டு இணைய நிறுவனங்கள் போட்டியிட்டன. இரண்டும் சென்டாய் நகரையே தளமாகக் காட்டின. 1970 களில் சில ஆண்டுகள் லொத்தே ஓரியன்ஸ் அணி அங்கு தங்கியிருந்ததைத் தவிர, தோஹொகுவுக்கென ஒரு தொழில்சார் அணி இருந்ததில்லை. 2004 நவம்பரில் ரகுட்டென் நிறுவனம் தெரிவாகியது. அணியின் பெயரில் நிறுவனத்தின் பெயருக்கு முன்பாகத் தோஹொகு என்ற பிராந்தியப் பெயர் வைக்கப்பட்டது என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

பிறந்த அணி வலிமையானதாக இருக்கவில்லை. இணைக்கப்பட்ட அணி தனக்கு வேண்டிய வீரர்களை முதலில் எடுத்துக்கொண்டது. எஞ்சியோரில் பெரும்பாலானோரும் பிற அணிகள் கைவிட்டோருமே புதிய அணிக்குக் கிடைத்தனர். இதற்கு விதிவிலக்காக, கின்டெட்சுவின் தலைசிறந்த பந்தெறி வீரரான ஹிசாஷி இவாகுமா, இணைந்த அணிக்குச் செல்ல மறுத்துச் சென்டாய்க்கு வந்தார். 2005 மார்ச் 26 ஆம் திகதி நடைபெற்ற முதலாவது போட்டியில் அவர் எறிய, அணி 3 க்கு 1 என வென்றது. மறுநாள் 26 க்கு 0 எனத் தோற்றது. அந்தப் பருவத்தில் 38 வெற்றிகள், 97 தோல்விகள், கடைசி இடம். இருந்தும் மக்கள் மைதானத்துக்கு வந்தனர்.

கோபே தரும் எச்சரிக்கை

மேற்கூறிய இணைப்பில் மறைந்த ஒரிக்ஸ் புளூவேவ் அணியைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை கூறியாக வேண்டும். 1995 ஜனவரி 17 ஆம் திகதி கோபே நகரை உலுக்கிய நிலநடுக்கத்தில் 6,400 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த ஆண்டு ஒரிக்ஸ் வீரர்கள், கோபே மக்களே தளராதீர் என்ற பொருள்படும் வாசகத்தைத் தம் சட்டைக் கையில் பொறித்து ஆடினர். இளம் வீரர் இச்சிரோ சுசுகியின் துடுப்பாட்டத்தால் அவ்வணி அப்பருவத்தில் பசுபிக் லீக்கை வென்றது. 1996 இல் ஜப்பான் தொடரையும் வென்றது. அனர்த்தத்தால் நொந்த நகருக்கு விளையாட்டு நம்பிக்கை ஊட்டியது என்று அன்றும் எழுதப்பட்டது.

எட்டு ஆண்டுகளின் பின்னர் அந்த அணியே இணைப்புக்கு உள்ளாகியது. புதிய அணி சில காலம் ஒசாக்காவையும் கோபேயையும் தன் இரு தளங்களாகக் கொண்டது. பின்னர் ஒசாக்காவையே தலைமைத் தளமாக்கிக்கொண்டது. கோபே மக்கள் தமக்கு ஆறுதல் அளித்த அணியை, தம் பேரில் எந்தக் குற்றமும் இன்றியே, பெருமளவில் இழந்தனர். வெற்றி ஒன்றே அணியையும் ஊரையும் பிணைத்துவிடுமென்றால் இது நேர்ந்திராது. 2011 இல் சென்டாய் அணி எவ்வாறு நடந்துகொண்டது என்பதை இந்த எச்சரிக்கையோடு சேர்த்தே நாம் எடைபோட வேண்டியுள்ளது.

எப்போது ஆடுவது?

2011 மார்ச் 11 ஆம் திகதி பிற்பகல் 2.46 மணிக்கு, தோஹொகு கரைக்கு அப்பால் 9.0 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனைத் தொடர்ந்து எழுந்த ஆழிப்பேரலை கரையோர ஊர்களை முழுமையாகத் துடைத்தெறிந்தது. ஏறத்தாழ 15,900 பேர் உயிரிழந்தமை உறுதிசெய்யப்பட்டது. 2,500 க்கும் மேற்பட்டோர் காணாமற்போனோராகவே பதிவாகியுள்ளனர். உயிரிழப்பில் பாதிக்கும் அதிகமானது சென்டாய் அமைந்துள்ள மியாகி மாகாணத்திலேயே நேர்ந்தது. புகுஷிமாவின் அணுமின் நிலைய விபத்து வேறொரு வகை இடப்பெயர்வையும் உண்டாக்கியது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதியை மறக்க இயலாத எமது கரையோர மக்களுக்கு, கடல் ஓர் ஊரைக் கொண்டுசெல்வது எத்தகையது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அன்று ரகுட்டென் அணி சென்டாயில் இருக்கவில்லை. தொலைவிலுள்ள ஹியோகோ மாகாணத்தின் அகாஷி நகரில் பயிற்சிப் போட்டியொன்றில் ஆடிக்கொண்டிருந்தது. வீரர்களின் குடும்பங்கள் சென்டாயில் இருந்தன. அவர்களின் மைதானம் சேதமுற்றிருந்தது. பாதைகள் துண்டிக்கப்பட்டு எரிபொருளும் அரிதாகியிருந்தது. ஏறத்தாழ ஒரு மாதகாலம் அணியால் தன் ஊருக்குத் திரும்ப முடியவில்லை.

இதற்கிடையே பருவத்தை எப்போது தொடங்குவது என்ற பிரச்சினை எழுந்தது. மார்ச் 25 ஆம் திகதியே தொடக்க நாளாகக் குறிக்கப்பட்டிருந்தது. பசுபிக் லீக் அதனை ஏப்ரல் 12 ஆம் திகதிக்கு ஒத்திவைத்தது. சென்ட்ரல் லீக் குறித்த நாளிலேயே தொடங்க முனைந்தது. பின்னர் நான்கு நாட்கள் மாத்திரம் தள்ளிவைக்க முன்வந்தது. விளையாட்டு மக்களை உற்சாகப்படுத்தும் என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயம். ஆனால் தலைநகரில் மின்வெட்டு நடைமுறையிலிருந்த வேளை, மூடிய அரங்கில் மின்னொளியில் ஆடுவது முறையா என்ற கேள்வி எழுந்தது. வீரர் சங்கம் ஒத்திவைப்பையே கோரியது. அரசாங்கமும் மின்சிக்கனத்தை வலியுறுத்தியது. முடிவில் இரு லீக்குகளும் ஏப்ரல் 12 ஆம் திகதியை ஏற்றுக்கொண்டன.

இந்தச் சர்ச்சை சிறிதாகத் தோன்றினாலும், எமது பார்வையில் முழு வரலாற்றினதும் மையம் இதுவே. ஆறுதல் என்பது அளிப்பவர் தீர்மானிக்கும் நேரத்தில் அளிக்கப்படுவதன்று. பிணங்கள் இன்னும் தேடப்பட்டுக்கொண்டிருக்கையில் மக்களை மகிழ்விக்கப் போகிறோம் என்று புறப்படுவது, துயருற்றோரைக் காட்சிப் பொருளாக்குவதில் முடியும். பொறுத்திருப்பதும் ஒரு வகை மரியாதை என்பதை 2004 இல் போல 2011 இலும் உரிமையாளர்களுக்கு நினைவூட்டியவர்களுள் வீரர்கள் முன்னின்றனர்.

ஏப்ரல் 2 ஆம் திகதி சப்போரோ நகரில் நடைபெற்ற உதவிப் போட்டியொன்றின் முன்னதாக, அணியின் பந்துபிடிப்பாளர் மொதோஹிரோ ஷிமா ரசிகர்கள் முன் உரையாற்றினார். பேஸ்போலுக்குள் இருக்கும் ஆழ்ந்த வலிமையைக் காட்டுவோம் என்பது அந்த உரையின் சாரம். அப்போது அவருக்கு வயது 26. ஏப்ரல் 12 ஆம் திகதி சிபாவில் நடைபெற்ற தொடக்கப் போட்டியில் மூன்று ஓட்டங்களைப் பெற்றுத்தந்த ஹோம் ரன் ஒன்றை அடித்து அணியை வெற்றிக்கு இட்டுச்சென்றவரும் அவரே. அந்த மாதத்தின் சில சொந்த மைதானப் போட்டிகளைக் கோபேயிலும் அதனை அண்டிய கோஷியெனிலும் ஆட வேண்டியிருந்தது. ஏப்ரல் 29 ஆம் திகதி அணி சென்டாய் மைதானத்துக்குத் திரும்பியது. அன்று எதிரணி, பழைய வரலாற்றை நினைவூட்டும் ஒரிக்ஸ். மசஹிரோ தனாகா ஒன்பது இன்னிங்ஸ்களையும் தாமே எறிந்து 3 க்கு 1 என அணியை வெல்லவைத்தார்.

அந்த வெற்றியுடன் எல்லாம் மாறிவிடவில்லை. 2011 இல் அணி ஐந்தாம் இடத்தையும் 2012 இல் நான்காம் இடத்தையுமே பெற்றது. அனர்த்தம் நிகழ்ந்த ஆண்டிலேயே கோபே அணி சாதித்ததைச் சென்டாய் அணியால் சாதிக்க முடியவில்லை. ஆனால் தோற்ற இரண்டு ஆண்டுகளிலும் அணி அங்கேயே இருந்தது.

2013 பருவம்

அணியின் முகாமையாளர் சென்இச்சி ஹொஷினோ. வீரராகச் சுனிச்சி டிராகன்ஸ் அணியில் புகழ்பெற்றவர், கடுஞ்சினத்துக்கும் பெயர்பெற்றவர். முகாமையாளராக 1988, 1999, 2003 ஆம் ஆண்டுகளில் ஜப்பான் தொடர் வரை சென்று மூன்று முறையும் தோற்றவர். அவர் சென்டாய் அணியின் பொறுப்பை ஏற்று முதலாவது பருவம் தொடங்குவதற்கு முன்னரே அனர்த்தம் நேர்ந்தது.

2013 இல் அணியில் மூன்று பலங்கள் ஒன்றுசேர்ந்தன. அமெரிக்காவிலிருந்து வந்த அன்ட்ரு ஜோன்ஸ் 26 ஹோம் ரன்களையும் கேசி மெக்கீ 28 ஹோம் ரன்களையும் பெற்றனர். புதுமுக வீரர் தகாஹிரோ நொரிமொதோ 15 வெற்றிகளை ஈட்டினார். இவர்கள் அனைவருக்கும் மேலாக நின்றவர் தனாகா. பந்தெறி வீரரின் பெயரிலேயே வெற்றியும் தோல்வியும் பதிவாகும் இவ்விளையாட்டில், அவர் அந்தப் பருவம் முழுவதும் 24 வெற்றிகளைப் பெற்றார். தோல்வி ஒன்றேனும் இல்லை. ஒன்பது இன்னிங்ஸ்களுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி 1.27 மட்டுமே. அத்தகைய பருவம் ஜப்பானிலோ அமெரிக்காவிலோ அதற்கு முன் எவருக்கும் வாய்த்ததில்லை.

செப்டெம்பர் 26 ஆம் திகதி செய்பு அணியை 4 க்கு 3 என வென்று ரகுட்டென் முதன்முறையாகப் பசுபிக் லீக்கின் முதலிடத்தை உறுதிசெய்தது. 82 வெற்றிகள், 59 தோல்விகள், 3 சமநிலைகள் என்பது அதன் பருவக் கணக்கு. கிளைமெக்ஸ் தொடரில் சிபா லொத்தே அணியை, முற்கூட்டிய வெற்றியையும் சேர்த்து, 4 க்கு 1 என வீழ்த்தியது. முதலாவது போட்டியில் தனாகா ஓட்டம் எதுவும் கொடாது வென்றார். இறுதிப் போட்டியிலும் கடைசி இன்னிங்ஸை எறிந்து முடித்தார்.

ஜப்பான் தொடரில் எதிரே நின்றது யொமியுரி ஜயன்ட்ஸ். 1934 இல் தோன்றிய அவ்வணி, அதுவரை 22 முறை ஜப்பான் தொடரை வென்றிருந்தது. 2012 இன் சம்பியனும் அதுவே. 2004 இல் அணிகளைக் குறைக்கும் எண்ணத்துக்கு உரத்த குரல் கொடுத்தவர்களின் அணியும் அதுவே. அன்று அவ்வெண்ணம் நிறைவேறியிருந்தால் தோன்றியிராத அணியொன்று இப்போது அதற்கு எதிரே நின்றது.

ஏழு போட்டிகள்

சென்டாயில் ஒக்டோபர் 26 ஆம் திகதி நடைபெற்ற முதலாவது போட்டியை ஜயன்ட்ஸ் 2 க்கு 0 என வென்றது. மறுநாள் தனாகா முழுப் போட்டியையும் எறிந்து 2 க்கு 1 எனச் சமன்செய்தார். டோக்கியோவில் நடைபெற்ற மூன்றாம் போட்டியில் மனாபு மீமா சிறப்பாக எறிய ரகுட்டென் 5 க்கு 1 என வென்றது. நான்காவதில் ஜயன்ட்ஸ் 6 க்கு 5 என மீண்டது. ஐந்தாவது பத்து இன்னிங்ஸ்கள் வரை நீண்டு 4 க்கு 2 என ரகுட்டென் வசமாகியது. ஆக, மூன்று வெற்றிகளுடன் அணி சென்டாய்க்குத் திரும்பியது. இன்னும் ஒன்றே தேவை. நவம்பர் 2 ஆம் திகதி எறியப்போகிறவர் தனாகா. வெற்றி உறுதி என்றே நகரம் எண்ணியது.

அன்று தனாகா தோற்றார். 2 க்கு 0 என முன்னிலை பெற்றிருந்த நிலையில் ஐந்தாம் இன்னிங்ஸில் ஜயன்ட்ஸ் மூன்று ஓட்டங்களை எடுத்தது; முடிவு 4 க்கு 2. 2012 ஓகஸ்ட்டிலிருந்து தோல்வி காணாதவர், அந்தப் பருவத்தின் ஒரே தோல்வியை அன்று கண்டார். ஆயினும் அவர் களத்தை விட்டு நீங்கவில்லை. ஒன்பது இன்னிங்ஸ்களையும் எறிந்து முடித்தார். அவர் எறிந்த பந்துகள் 160. கிரிக்கெட் கணக்கில் அது 26 ஓவர்களையும் மிஞ்சும்.

மறுநாள் ஏழாவது போட்டி. மழை தூறிக்கொண்டிருந்தது. முதலாவது, இரண்டாவது, நான்காவது இன்னிங்ஸ்களில் ரகுட்டென் ஒவ்வோர் ஓட்டம் பெற்றது. மீமா ஆறு இன்னிங்ஸ்களும் நொரிமொதோ இரண்டு இன்னிங்ஸ்களும் ஓட்டம் கொடாது எறிந்தனர். ஒன்பதாம் இன்னிங்ஸுக்கு, முதல்நாள் 160 பந்துகள் எறிந்த தனாகாவே வந்தார். அவர் களத்துக்கு வரும்போது ஒலிக்கும் பாடலை மைதானம் முழுவதும் சேர்ந்து பாடியது. இருவர் அவரது பந்தை அடித்துத் தளங்களை அடைந்தனர். மேலும் 15 பந்துகளில் ஆட்டத்தை முடித்துவைத்தார். தொடரின் சிறந்த வீரராக மீமா தெரிவானார். நான்காம் முயற்சியில் ஜப்பான் தொடரை வென்ற ஹொஷினோ, அனர்த்தத்தால் பாதிக்கப்பட்ட மக்களை நினைவுகூர்ந்து அதனை ஏற்றுக்கொண்டார்.

ஒரு வீரனின் கை

இந்தக் காட்சியைப் போற்றாதவர் அன்று ஜப்பானில் அரிது. ஆனால் அமெரிக்காவில் பலர் அதிர்ச்சியடைந்தனர். 160 பந்துகள் எறிந்த 25 வயது இளைஞரை மறுநாளே மீண்டும் எறியவிடுவது அவரது எதிர்காலத்தோடு விளையாடுவதாகும் என்பது அவர்களது கருத்து. தனாகா அவ்வேளை அமெரிக்காவுக்குச் செல்லவிருந்தார் என்பது யாவரும் அறிந்ததே. 2014 ஜனவரியில் நியூயோர்க் யாங்கீஸ் அணி ஏழு ஆண்டுகளுக்கு 155 மில்லியன் டொலருக்கு அவரை ஒப்பந்தம் செய்தது. அதே ஆண்டு ஜூலையில் அவரது முழங்கைத் தசைநாரில் பகுதியளவு கிழிசல் கண்டறியப்பட்டது.

அந்தக் கிழிசலுக்கு அந்த ஈரிரவுகளே காரணம் என்று கூறுவது நியாயமாகாது. பாடசாலைப் பருவம் முதல் எறிந்து தேய்ந்த கைக்குக் காரணங்கள் பல. எனினும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். ஊரின் துயரை ஒரு தனிமனிதரின் தோளில் ஏற்றிவைப்பதில் ஆபத்து உண்டு. அவர் விரும்பியே ஏற்றார் என்பது உண்மை. ஆனால் இல்லை என்று சொல்லக்கூடிய நிலையில் எவரும் இருக்கவில்லை என்பதும் உண்மை. ஆறுதலின் பெயரால் வீரரின் உடலுக்கு விலை குறிக்கப்படுமானால், அதுவும் உரிமையாளர் மனப்பான்மையின் மற்றொரு வடிவமே.

வெற்றி செய்தது, செய்யாதது

2013 நவம்பரில், அந்த வெற்றி கொண்டாடப்பட்ட வேளையில், இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமானோர் தம் வீடுகளை விட்டு இடம்பெயர்ந்தோராகவே வாழ்ந்துகொண்டிருந்தனர். பலரது இருப்பிடம் தற்காலிக வீடுகளே. புகுஷிமாவின் சில ஊர்களுக்கு எவரும் திரும்ப அனுமதிக்கப்படவில்லை. ஏழாவது போட்டியின் முடிவு இவர்களுள் ஒருவருக்கும் ஒரு கூரையைக் கூடக் கட்டித்தரவில்லை. ஆகவே விளையாட்டு ஒரு பிரதேசத்தை மீட்டெடுத்தது என்ற கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. மீட்பு என்பது நிலம், வீடு, தொழில், கடற்றொழிலாளரின் படகு ஆகியவற்றால் அளக்கப்படுவது. அதனை விளையாட்டின் கணக்கில் எழுதினால், செய்ய வேண்டியவர்கள் செய்யாது தப்பிக்க வழிபிறக்கும்.

ஆனால் வெற்றி எதையும் செய்யவில்லை என்பதும் தவறு. ஒரு பிரதேசத்தின் பெயர் இரண்டரை ஆண்டுகளாக இழப்புச் செய்தியிலேயே உச்சரிக்கப்பட்டு வந்தது. அந்தப் பெயரை அம்மக்களே உரக்கக் கூவி மகிழ்வதற்கு ஓர் இரவு கிடைத்தது. அது சிறிய விடயமன்று.

அதன்பின் நடந்தவற்றையும் பதிவுசெய்தல் வேண்டும். தனாகா நீங்கிய 2014 பருவத்தில் ரகுட்டென் மீண்டும் கடைசி இடத்துக்குச் சரிந்தது. ஹொஷினோ அந்தப் பருவத்துடன் பதவி விலகினார். 2018 ஜனவரியில் காலமானார். தனாகா அனர்த்தத்தின் பத்தாவது ஆண்டான 2021 இல் சென்டாய்க்குத் திரும்பினார். முந்திய வேகம் அவரது கையில் இருக்கவில்லை. 2024 பருவத்தின் பின்னர் அவர் இணைந்த அணி யொமியுரி ஜயன்ட்ஸ் என்பது விளையாட்டு உலகின் விசித்திரங்களுள் ஒன்று. 2025 பருவம் முடியும்வரை சென்டாய் அணி மீண்டும் ஒருமுறையேனும் லீக்கில் முதலிடம் பெறவில்லை. ஆயினும் அணி சென்டாயில்தான் இருக்கின்றது.

நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இங்கிருந்தே விடை காணலாம். சட்டத்தின்படி அணி நிறுவனத்துக்குச் சொந்தம், அதில் ஐயமில்லை. ஆனால் மக்களுக்கு அதில் உள்ள உரித்து வெற்றி விழாக்களில் வழங்கப்படுவதன்று. 2004 இல் வீரர்களும் ரசிகர்களும் வாதாடிப் பெற்றது அது. 2011 இல் பொறுத்திருந்து மதிக்கப்பட்டது அது. வெற்றியற்ற ஆண்டுகளில் தங்கியிருப்பதால் இன்றுவரை காக்கப்படுவதும் அதுவே. கோபே மக்கள் ஒரு சம்பியன் கிண்ணத்தைப் பெற்றும் தம் அணியை இழந்தனர். சென்டாய் மக்கள் பல தோல்விகளைக் கண்டும் தம் அணியை இழக்கவில்லை. ஓர் அணி தன் ஊருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய பணி எது என்று கேட்டால், சம்பியனாவதற்கு முன்பாக, ஊரோடு இருப்பது என்றே நாம் பதிலளிப்போம்.